கிழங்குக்குத் தராசு இருக்கிறது: மைத்துனன் ஆடிய போக்கர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆள் என் மனைவியின் தம்பி. வயது 31. ஆத்தூர் பக்கத்தில் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சேகோ ஃபேக்டரி, அதாவது மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலை. வரவு செலவு என் மாமனார் கையில், கிழங்கு எடுப்பது இவன் பொறுப்பு. 2021-ல் ஆன்லைன் போக்கர் ஆட ஆரம்பித்தான். 2023 ஏப்ரலில் அதைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் வந்ததும் விட்டான். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை செல்லாது என்று அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் மறுபடி ஆரம்பித்தான். நான் சேலம் ஹஸ்தம்பட்டியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நானும் ஆடிப் பார்த்தவன்தான். ஆட்டத்தைவிட ஆட்டம் முடிந்த பிறகு ஒவ்வொரு கையும் பதிவாகியிருக்கும் கோப்பைப் புரட்டுவதுதான் எனக்குப் பிடித்தது. தொழில் புத்தி.

போக்கரில் கொஞ்சம் தேறியவர்கள் எல்லாரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: உள்ளுணர்வை நம்பு. எந்த உள்ளுணர்வை என்று யாரும் சொல்வதில்லை. என் மைத்துனனுக்கு அது ஒன்றரை வருடம் எடுத்தது.

முதலில் அவன் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை புரியாது.

மரவள்ளிக் கிழங்குக்கு எங்கள் பக்கம் விலை வைப்பது பாயிண்ட் கணக்கில். கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறதோ அதுதான் பாயிண்ட். டிராக்டர் வந்து நின்றதும் மைத்துனன் மேலே கிடக்கும் கிழங்கைத் தொடமாட்டான். நல்ல கிழங்கை மேலே அடுக்குவது விவசாயி வழக்கம், அது தப்பும் இல்லை. இவன் லோடுக்குள் முழங்கை வரை கையை விட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவுவான். இரண்டு கையாலும் பிடித்துப் பட்டென்று முறிப்பான். அந்தச் சத்தத்தைக் கவனிப்பான். முறிந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, பால் எப்படிக் கசிகிறது என்று பார்ப்பான். முள்ளுவாடி ரகமா, ஒயிட் தாய்லாந்து ரகமா என்பதை அதற்குள் தோலே சொல்லிவிட்டிருக்கும். பிறகு ஒரு எண்: "இருபத்தேழு."

அதன் பிறகுதான் தராசு. குறிப்பிட்ட எடைக்குக் கிழங்கைக் கழுவி எடுத்து, வெளியில் ஒரு முறையும் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி ஒரு முறையும் எடை பார்ப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். தராசு 27 காட்டும். சில நாள் 26. இரண்டு பாயிண்ட் தள்ளி நான் பார்த்ததில்லை. ஆலைத் தராசில் எப்போதும் ஒரு பாயிண்ட் குறைவாகவே காட்டும் என்பது விவசாயிகளின் பழைய குறை. என் மாமனார் ஆலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, எனக்கு வீட்டில் சோறு கிடைக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அவன் எண்ணைச் சொன்ன பத்து நிமிடத்துக்குள் சரியா தப்பா என்று தெரிந்துவிடுகிறது. சீசனில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து லோடு. பதினெட்டு வயதிலிருந்து இதையே செய்கிறான்.

பொங்கல் முடிந்த ஞாயிறு

2024 ஜனவரி. அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அன்றைய டோர்னமென்ட் இரவு 8 மணிக்கு. நுழைவு 500 ரூபாய், மேலே 50 ரூபாய் கட்டணம். 312 பேர் சேர்ந்தார்கள், 36 இடங்களுக்குப் பரிசு. நான் தெருமுனையில் தட்டுவடை செட் வாங்கி வந்தபோது 39 பேர் மிச்சம். இன்னும் மூன்று பேர் வெளியேறினால் போட்ட பணம் திரும்பும். ஆடுகிறவர்கள் பபிள் என்று சொல்லும் இடம் இதுதான், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ப்ளைண்ட், அதாவது கார்டு வருமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகை, 1,000/2,000. மேஜையில் எட்டுப் பேர், ஒவ்வொரு கைக்கும் எல்லாரும் போட வேண்டிய ஆன்ட்டி ஆளுக்கு 250. இவனிடம் ஆன்ட்டி போக 50,000 சிப்ஸ், சராசரியை ஒட்டித்தான். கையில் ஸ்பேட் ஏஸ், கிளாவர் ராணி. 4,400-க்கு ரெய்ஸ் செய்தான், அதாவது பந்தயத்தை ஏற்றினான். எல்லாரும் மடித்தார்கள், பிக் ப்ளைண்டில் (பெரிய ப்ளைண்ட் போட்டு) இருந்தவர் மட்டும் கால், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தார். அவரிடம் இவனைவிட அதிகச் சிப்ஸ். நடுவில் சேர்ந்த மொத்தத் தொகை, அதாவது பாட், 11,800.

ஃப்ளாப், அதாவது எல்லாருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று கார்டு: டைமன் ராணி, ஸ்பேட் எட்டு, ஹார்ட்டின் மூன்று. எதிராளி செக், பணம் போடாமல் முறையைத் தள்ளிவிட்டார். இவன் 4,000 போட்டான், கால். நான்காவது பொதுக் கார்டான டர்ன் கிளாவர் ஐந்து. எதிராளி செக், இவன் 10,000, மறுபடி கால். ஐந்தாவதும் கடைசியுமான ரிவர் டைமன் இரண்டு. ஒரே சின்னத்தில் ஐந்து கார்டு சேரும் ஃப்ளஷ் வர வழியே இல்லாத போர்டு. பாட்டில் 39,800 இருக்கிறது, இவனிடம் மீதி 31,600.

இதுவரை செக் செய்து, கால் செய்து வந்தவர் இப்போது தானே முந்திக்கொண்டு ஆல்-இன், அதாவது இருக்கும் சிப்ஸ் எல்லாவற்றையும், தள்ளினார்.

மைத்துனன் வாயில் தட்டுவடை. மெல்லுவதை நிறுத்திவிட்டான். "போச்சு மாமா," என்றான். நான் அப்போது திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தேன். கிழங்கை முறித்ததும் வரும் அதே முகம். அப்புறம் தலையை உலுக்கிக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தான். 31,600 போட்டால் மொத்தப் பாட் 1,03,000. மூன்றில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக ஜெயித்தால்கூடப் போதும். ராணி ஜோடி, கூட ஏஸ், இதைவிட நல்ல ராணி ஜோடி இந்தப் போர்டில் கிடையாது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கால் அழுத்தினான்.

எதிராளியிடம் இரண்டு எட்டு. ஃப்ளாப்பிலிருந்தே மூன்று எட்டு வைத்திருந்தார். மைத்துனன் 39-ஆவது ஆளாக வெளியே.

"அவன் ஆல்-இன் போட்டப்பவே வயிறு சொல்லுச்சு மாமா. நான்தான் கேக்கல."

கோப்பில் இருந்தது

மறுநாள் மாலை அலுவலகத்தில் எல்லாரும் போன பிறகு அந்த டோர்னமென்டின் முழுக் கோப்பையும் இறக்கிப் பார்த்தேன். முதலில் அவனுடைய கணக்கு. 31 சதவீதம் என்று அவன் போட்டது சரி: 31,600-ஐ 1,03,000-ஆல் வகுத்தால் 30.7. ஆனால் அது சிப்ஸ் கணக்கு, பணக் கணக்கு வேறு. டோர்னமென்டில் சிப்ஸ் இரட்டிப்பானால் எதிர்பார்க்கும் பரிசு இரட்டிப்பாவதில்லை, சிப்ஸ் தீர்ந்தால் பரிசு முழுசாகத் தீர்ந்துவிடும். பபிளில் இந்த ஏற்றத்தாழ்வு உச்சத்தில் இருக்கும். ஆகவே 31 போதாது, அதைவிடக் கணிசமாக மேலே வேண்டும்.

சரி, 31 என்றே வைத்துக்கொள்வோம். எதிராளி கையில் என்ன இருந்திருக்கலாம்? இப்படி இரண்டு கால் போட்டுவிட்டுக் கடைசியில் பாய்கிறவரிடம் மூன்று எட்டு, மூன்று ஐந்து, மூன்று மூன்று என்று செட் இருக்க ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி, மொத்தம் 9. ராணியும் எட்டும் சேர்ந்த இரட்டை ஜோடிக்கு, இரண்டு ராணி மிச்சம், மூன்று எட்டு மிச்சம், 6 வழி. ஆக இவன் தோற்கும் வழிகள் குறைந்தது 15. அந்த 15-க்கு எதிரே இவன் ஜெயிக்கும் வழிகள் 7 இருந்தால்தான் 31 சதவீதம் கிடைக்கும். அந்த ஏழு எங்கிருந்து வரும்? தவறிப்போன டிராவாக, அதாவது இன்னொரு கார்டுக்குக் காத்திருந்து அது வராமல் போன கையாக, இருக்க இந்தப் போர்டில் பெரிதாக ஒன்றுமில்லை. மிச்சம் ராஜா-ராணி, ராணி-ஜாக்கி, ராணி-பத்து. ஒவ்வொன்றுக்கும் 8 வழி, மொத்தம் 24. இந்த 24-ல் மூன்றில் ஒரு பங்கை அவர் ஆல்-இன் தள்ளுவார் என்றால் கால் சரி.

கேள்வி முழுக்க இங்கே வந்து நிற்கிறது: இந்த ஆள் ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு ரிவரில் பாய்கிறவரா?

எதிராளியின் பெயரைப் போட்டுத் தேடினேன். அதே மேஜையில் இரண்டு மணி நேரம் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் கார்டு காட்டிய கைகள் நான்கு. ஒன்று ஆரம்பத்திலேயே ஆல்-இன் ஆகிவிட்டது, அதில் படிக்க ஒன்றுமில்லை. இரண்டு கைகளில் அவரிடம் இருந்தது மேல் ஜோடி. இரண்டிலும் செக், கால், செக், கால், ரிவரிலும் செக், கால். நான்காவதில் ரிவரில் ஃப்ளஷ் விழுந்தது. அங்கே மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகப் போட்டிருக்கிறார்.

போனில் மைத்துனனைக் கேட்டேன், இது ஞாபகம் இருக்கிறதா என்று. ஃப்ளஷ் கை மங்கலாக ஞாபகம். மற்ற இரண்டும் சுத்தமாக இல்லை. "அந்த நேரம் நான் வாட்ஸ்அப் பார்த்துட்டு இருந்தேன்னு நினைக்கிறேன் மாமா" என்றான். கண் ஓரத்தில் ஓடிய இரண்டு கைகள், பாதி ஞாபகத்தில் ஒரு கை. தட்டுவடையை மெல்லாமல் நிறுத்தியது இந்த மூன்றும்தான். காரணத்தைக் கேட்டால் வாயில் வராது, ஆனால் விடை ஏற்கெனவே தயார்.

அன்றைக்கு நான் ஒரு தப்பு செய்தேன். "உன் வயிறு சொன்னதுதான்டா சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஏற்காடு

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஆட்டத்துக்கு அவன் வைத்திருந்த மாதக் கட்டு, அதாவது வரம்பு, 4,000 ரூபாய். மார்ச்சில் 6,500 போனது. கோப்புகளை அனுப்பச் சொன்னேன். பார்த்தால், "பொய் சொல்றான்னு தோணுச்சு" என்ற ஒரே காரணத்துக்குப் போட்ட கால்கள் வரிசையாக நிற்கின்றன. கணக்கை ஓரங்கட்டிவிட்டான். வயிறு என்ற சொல் அவனுக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிட்டது.

என்னிடம் அவன் வாதத்துக்கு ஒரு சாட்சியும் வைத்திருந்தான். "நார்வே பொண்ணு ஒண்ணு கார்டையே பார்க்காம டோர்னமென்ட் ஜெயிச்சுச்சே, தெரியாதுங்களா?" தெரியும். அனெட் ஓப்ரஸ்டாட். 2007-ல் 180 பேர் ஆடிய சின்ன டோர்னமென்ட் ஒன்றை, தன் கார்டுகளை மறைத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை மட்டும் பார்த்து, ஜெயித்துக் காட்டினார். அதே வருடம் லண்டனில் உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பியப் பட்டத்தையும் வென்றார், 19-ஆவது பிறந்த நாளுக்கு முந்தின நாள். ஆனால் இவன் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் கோணல். கார்டைப் பார்க்காததால் அவர் மற்றவர்களைப் பார்த்தார். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யார் எவ்வளவு போடுகிறார், யார் பயந்து மடிக்கிறார், அது மட்டும்தான் அவருக்கு இருந்த தகவல். பதினைந்து வயதிலிருந்து ஆடியவர், கை எண்ணிக்கையில் என் மைத்துனனை விழுங்கிவிடுவார். வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு ஆடியிருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். ஏரிப் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லாத கூட்டம். உறவுக்காரர் ஒருவர் வேலை பார்க்கும் காப்பித் தோட்டத்து வீட்டில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை இரவு. வெளியே பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. மைத்துனன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனோடு உட்கார்ந்திருந்தான். மிச்சம் 16 பேர், எல்லாரும் பரிசு வட்டத்துக்குள். ஏஸும் ஒன்பதும் கையில் வர, ரெய்ஸ் செய்தான். பின்னால் இருந்தவர் நீண்ட நேரம் எடுத்து ஆல்-இன் வைத்தார், பிக் ப்ளைண்டைப் போல 18 மடங்கு.

"யோசிக்கிறான் பாருங்க மாமா. நல்ல கையா இருந்தா உடனே போட்டிருப்பான். பயந்துக்கிட்டே தள்றான்."

நான் பக்கத்திலேயே இருந்தேன், இந்தத் தடவை திரையைப் பார்த்துக்கொண்டு. கரண்ட் போய் அரை நிமிடம் ஆகியிருந்தது. வீட்டு வைஃபை அணைந்து போன் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. திரை நடுவில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிராளி ஒரு நொடியில்கூட அழுத்தியிருக்கலாம், எங்களுக்குத் தெரிய வழியில்லை. தயங்கியது ஏற்காட்டு டவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் கால் போட்டுவிட்டான். எதிரே இரண்டு ராஜா. ஏஸ் விழவில்லை.

அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை என்று காலையில் என் மனைவி சொன்னாள். என்னை முறைத்தும் வைத்தாள். வயிறு சொல்வதைக் கேள் என்று தூண்டிவிட்டது நான்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும் வரை காரில் யாரும் பேசவில்லை. அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தியபோதுதான் நான் கேட்டேன்: "கிழங்கு பாயிண்ட் சொல்றியே, அது எப்படிப் பழகுச்சு?" சிரித்தான். "அப்பா தினம் திட்டுவாரு. இருபத்தஞ்சும்பேன், தராசு இருபத்தொண்ணு காட்டும். லோடு லோடா திட்டு வாங்கித்தான் பழகுச்சு." கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். அப்புறம் அவனே சொன்னான், போக்கரில் தராசே இல்லையே மாமா என்று.

இதையே அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் 2009-ல் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் உள்ளுணர்வு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று ஆராய்ந்தவர். மற்றவர் தீயணைப்பு அதிகாரிகளின் உள்ளுணர்வு எப்படி உயிர்களைக் காக்கிறது என்று ஆராய்ந்தவர். சண்டை போட வேண்டிய இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரை. அவர்கள் ஒத்துக்கொண்டது இரண்டு நிபந்தனைகளில். பழகும் உலகம் ஒரு ஒழுங்குக்குள் இருக்க வேண்டும். நீண்ட பழக்கமும், தப்பும் சரியும் தெரியவரும் வாய்ப்பும் வேண்டும். அந்த உணர்வு எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்பது அளவுகோல் ஆகாது என்றும் சொல்கிறார்கள். ஏற்காட்டில் வந்த உணர்வு பொங்கல் ஞாயிறு வந்ததைவிட அழுத்தமானது. நான் பார்த்தேன்.

போக்கர் டோர்னமென்ட் இரண்டாவது நிபந்தனையில் ரொம்ப மோசம். மடித்துவிட்டால் எதிராளி என்ன வைத்திருந்தார் என்று பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் குழப்பம்: சரியாக ஆடித் தோற்கலாம், தப்பாக ஆடி ஜெயிக்கலாம். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர் இரண்டு ராஜாவிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்கிறார். அந்த ஒரு தடவையைப் பார்த்து வயிறு என்ன பாடம் படிக்கும்? மரவள்ளி லோடு ஐந்தில் ஒன்றுக்குத் தராசு வேண்டுமென்றே பொய் எண் காட்டினால் என் மைத்துனனுக்கு இன்றைக்கும் பாயிண்ட் சொல்லத் தெரிந்திருக்காது.

நோட்டு

தராசு இல்லையென்றால் செய்துகொள்ள வேண்டியதுதான். ஜூனில் ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். விதி ஒன்றே ஒன்று: பெரிய முடிவுகளில், பட்டனை அழுத்துவதற்கு முன்னால் எழுத வேண்டும். பிறகு எழுதினால் நினைவு தன் வசதிக்குத் திருத்திக்கொள்ளும். பொங்கல் ஞாயிறு அவன் "போச்சு" என்று வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டதால்தான் அதற்கு மதிப்பு. சொல்லியிருக்காவிட்டால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

கையில் இருப்பது பதினைந்து இருபது நொடி, கட்டுரை எழுத முடியாது. மூன்று எழுத்து போதும் என்று வைத்தோம். "ம" என்றால் மடி என்று தோன்றுகிறது, "கா" என்றால் கால். அடுத்து, பத்துக்கு எவ்வளவு உறுதி என்று ஒரு எண். கடைசியில் காரணக் குறி: "பா" என்றால் இந்த ஆள் முன்பு இப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன், "அ" என்றால் போட்ட தொகையின் அளவு, "நே" என்றால் எடுத்துக்கொண்ட நேரம். நான்காவது குறியை இரண்டாம் வாரம் அவனே சேர்த்தான். "கோ". கோபம். இப்போதுதான் ஒரு பெரிய பாட்டை இழந்தேன், இந்த ஆளை விடக்கூடாது என்று இருக்கிறது, என்று பொருள். தன் கையால் அதை எழுத வேண்டிவந்தபோது பல தடவை கால் போடுவதையே விட்டுவிட்டதாகச் சொன்னான்.

மூன்று மாதத்தில் 94 குறிப்புகள். விடை தெரிந்தவை 51. சில இடங்களில் உணர்வை மீறிக் கால் போட்டுப் பார்த்தான், சில இடங்களில் மூன்றாவது ஆள் கால் போட்டதால் கார்டு வெளியே வந்தது. அந்த 51-ஐ நான் அலுவலகத்தில் பிரித்தேன்:

"பா" 14, அதில் 11 சரி. "அ" 9, 6 சரி. "நே" 16, சரியாக 8, காசு சுண்டிப் போட்டாலும் அதுதான் வந்திருக்கும். "கோ" 12, சரி 3.

பதினான்கை வைத்துக்கொண்டு சட்டம் எழுத முடியாது. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு சின்ன மாதிரியைக் காட்டினால் என் முதலாளி கோப்பைத் திருப்பி எறிவார். இருந்தாலும் கோபத்துக்கும் பழக்கத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கண்ணில் அறைகிறது. இன்னொன்றும் தெரிந்தது. உறுதி எண் அதிகம் இருந்தது "கோ"-வில்தான். எட்டு, ஒன்பது, ஒரு இடத்தில் பத்து, அடியில் இரண்டு கோடு வேறு. "பா" குறிப்புகளில் பெரும்பாலும் ஆறு, ஏழு. உண்மையில் தெரிந்த விஷயம் அமைதியாக வந்திருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. "பா" குறிப்புகளில் பாதிக்கு மேல் "ம". "கோ"-வில் ஒரு "ம"கூடக் கிடையாது. ஆடுகிறவனுக்கு ஆட ஆசை, அதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறான். கால் போடு என்று சொல்லும் குரலுக்குள் அந்த ஆசையும் கலந்திருக்கிறதா என்று பிரித்தறிவது கஷ்டம். நல்ல கையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது மடி என்று ஒரு குரல் வருகிறதே, அதற்கு ஆசை காரணமாக இருக்க முடியாது. வேறு எங்கோ பார்த்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். பயமாகவும் இருக்கலாம் என்று மைத்துனன் மறுத்தான். பபிளில் சும்மா பயந்து மடிப்பவர்கள் ஏராளம், அதுவும் வயிற்றின் குரல்தான். நியாயமான மறுப்பு. அதற்காக "ப" என்று ஐந்தாவது குறி ஒன்று வந்தது, ஆனால் மடித்த கைகளுக்கு விடை தெரியாததால் அந்தப் பத்தி கடைசி வரை வெறும் கேள்விக்குறிகளாகவே கிடந்தது.

இதன் பிறகு அவன் ஆட்டம் மாறியது. "நே"-வை முழுசாகக் கைவிட்டான், வீட்டில் நல்ல வைஃபை இருக்கும்போதும். "கோ" எழுதினால் அந்தக் கையை மடிப்பது என்று வைத்துக்கொண்டான். "பா" என்று வந்தால் உடனே கேட்கும் கேள்வி: எந்தக் கையில் பார்த்தேன்? ஞாபகம் வந்தால் கணக்கில் சேர்ப்பான். வராவிட்டாலும் கொஞ்சம் எடை கொடுப்பான், 31 சதவீதம் தேவைப்படும் இடத்தில் 40 வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு. வாட்ஸ்அப்பை அணைத்து வைத்தான். இதைச் சொல்லவே மூன்று மாதக் கணக்கு வேண்டியிருந்ததா என்று என் மனைவி கேட்டாள்.

பணக்காரன் ஆகவில்லை. 2024 அக்டோபர் முதல் 2025 ஜூலை வரை இரண்டு முறை கடைசி மேஜை வரை போனான். பத்தில் ஒரு பங்கு நுழைவுக் கட்டணம், நிகர வெற்றியில் 30 சதவீத வரிப் பிடித்தம், எல்லாம் கழித்து மிஞ்சியது 2,300 ரூபாய். பத்து மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. அந்தத் தட்டுவடைக் கடைக்காரரிடம் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். மாதம் 4,000 என்ற கட்டு மட்டும் ஒரு தடவையும் உடையவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

2025 பிப்ரவரியில் மாநில விதிகள் வந்தன: நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 வரை பண ஆட்டம் கூடாது. மைத்துனன் புலம்பினான், பெரிய டோர்னமென்ட் எல்லாம் இழுத்துக்கொண்டு போகும் நேரம் ஆயிற்றே என்று. நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். அந்தப் பன்னிரண்டு "கோ"-வில் ஒன்பது இரவு 11-க்குப் பிறகு எழுதியவை. அதற்கு மேல் அவன் பேசவில்லை. ஆகஸ்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது. இலவசச் சிப்ஸில் ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். எல்லாரும் எதற்கெடுத்தாலும் ஆல்-இன் போடுகிறார்களாம்.

நோட்டில் பாதிப் பக்கங்கள் மிச்சம் இருந்தன.

நவம்பரில் ஆலைக்குப் போயிருந்தேன். கிழங்கு சீசன், வடகிழக்குப் பருவமழை, தரையெல்லாம் சேறு. மைத்துனன் கிழங்கை முறித்து, நகத்தால் அழுத்தி, சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தான். எண்ணை எழுதினான். அதற்கப்புறம்தான் வாய்விட்டுச் சொன்னான். அக்டோபரிலிருந்து எழுதுகிறானாம். என்னிடம் புரட்டிக் காட்டினான். காய்ந்த நாட்களில் அவன் எண்ணும் தராசும் ஏறக்குறைய ஒன்று. மழை பெய்து இரண்டு மூன்று நாளில் வந்த லோடுகளில் மட்டும், கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலும், இவன் ஒரு பாயிண்ட் கூடுதலாகச் சொல்லியிருக்கிறான். மழைக்குப் பிறகு மாவு குறையும், கிழங்கு பார்க்க மட்டும் கொழுகொழுவென்று இருக்கும். இத்தனை வருடம் இது அவனுக்குத் தெரியவே இல்லை. மாமனாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "நானும் மழை லோடுக்கு ஒண்ணு கூடத்தான் சொல்லுவேன். அதுக்குத்தான தொட்டி கட்டி வச்சிருக்குது" என்று எழுந்து போனார்.

அப்போது வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. முதல் நாள் ராத்திரி நல்ல மழை. மைத்துனன் 26 என்று எழுதினான். தொட்டியில் முக்கினார்கள். தராசு 25. கிழங்குக்காரர் அறுபது வயதுக்காரர், தலையில் துண்டு. தராசைப் பார்க்கவே இல்லை. எட்டி நோட்டைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, அந்த எந்திரம் கிடக்குது. உங்க கையெழுத்துலயே இருபத்தாறுன்னு இருக்குதே, அதையே போடுங்க."